ஸ்டூடன்ட் மைக்ரோஸ்கோப் ஒண்டு வாங்கினனாங்கள்: மோட்டிலிட்டி எண்ட சொல்லை விளங்கிக்கொள்ள இது போதுமா?

போன மாசம் திருகோணமலை டவுனில பள்ளிக்கூட சாமான், லாப் சாமான் விக்கிற ஒரு கடையில மாணவருக்கான மைக்ரோஸ்கோப் ஒண்டு வாங்கினனாங்கள். விலை 27,500 ரூபா. கம்பனிப் பேர் எண்டு பெட்டியில ஒண்டுமே இல்லை, 2000 மடங்கு எண்டு மட்டும் பெரிசா அடிச்சிருக்கு. என்ர அண்ணான்ர மகள் ஏ எல் பயோ படிக்கிறாள், அவளுக்காகத்தான் வாங்கினது. நான் 18 வருஷமா லாப்பில வேலை செய்றனான், தினமும் நுணுக்குக்காட்டிக்குள்ள கண்ணை வைச்சிருக்கிற ஆள், அதால இது நல்லதா கூடாததா எண்டு கொஞ்சம் விவரமாவே எழுதலாம் எண்டு நினைக்கிறன், ஏனெண்டா இஞ்ச கனபேர் பிள்ளையளுக்கு வாங்கலாமா எண்டு கேட்டவை.

வாங்கின காரணத்தை முதல்ல சொல்லவேணும். ஒரு நாள் பின்னேரம் டச்பே கடற்கரையில நடந்துகொண்டு இருக்கேக்க ஒரு ஜெலிமீன் கரையோரம் தண்ணிக்குள்ள அலையோட அலையா வந்து வந்து போகுது. மருமகள் நிண்டுபோட்டு கேக்கிறாள், மாமி, இது மோட்டைலா இல்லையா எண்டு. மோட்டிலிட்டி உள்ளதைத்தான் மோட்டைல் எண்டு சொல்லுறது. அவளுக்கு அதின்ர வரைவிலக்கணம் பாடம். அங்கியொன்று தனது சொந்தச் சக்தியைச் செலவழித்துத் தானாக அசையும் ஆற்றல் எண்டு நித்திரையில கேட்டாலும் சொல்லுவாள். ஆனா கண்ணுக்கு முன்னால ஒண்டு அசையேக்க அது தானா அசையுதா, அலை அசைக்குதா எண்டு பிரிச்சுச் சொல்லத் தெரியேல்ல. அது அவளின்ர பிழை இல்லை, அவள் ஒரு நாளும் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில 40 பிள்ளையளுக்கு ஒரு நுணுக்குக்காட்டி எண்டா ஆளுக்கு அரை நிமிஷம் பார்த்தா பெரிய விஷயம். அண்டைக்கு இரவே அண்ணாட்ட சொன்னனான், டியூஷனுக்கு இன்னொரு வகுப்புக் காசு கட்டுறதை விட்டுட்டு இதை வாங்குவம் எண்டு.

சரி, சாமானைப் பற்றி. உடம்பு உலோகம், பாரம் இருக்கு, மேசையில ஆடாது. அடியில எல்ஈடி லைட், யூஎஸ்பி வயரில வேலை செய்யும், கரண்ட் போனா பவர் பாங்கில போடலாம், இது நல்ல வசதி. லென்ஸ் மூண்டு, 4, 10, 40. கண்வில்லை 10 ஒண்டு, 25 ஒண்டு, அதோட இரட்டிப்பாக்கிறதுக்கு ஒரு குழாய், அதையும் போட்டுப் பெருக்கித்தான் 2000 எண்டு எழுதியிருக்கினம். அந்தக் கணக்கை நம்பி வாங்கவேண்டாம். ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கமா பிரிச்சுக் காட்டும் எண்டதுக்கு அதின்ர உடம்பில எழுதியிருக்கிற மற்ற நம்பரைத்தான் பார்க்கவேணும், இதில 40 லென்ஸில 0.65 எண்டு இருக்கு. அந்த நம்பரை 1000ஆல பெருக்கினா வாறதுதான் பிரயோசனமான உருப்பெருக்கத்தின்ர எல்லை, அதாவது 650. அதுக்கு மேல பெருப்பிச்சா படம் பெரிசாகும், ஆனா புதுசா ஒண்டும் தெரியாது, மங்கல்தான் பெரிசாகும். 25 கண்வில்லையையும் அந்தக் குழாயையும் நாங்கள் பெட்டிக்குள்ளயே வைச்சிட்டம். 400 மடங்கில படம் நல்ல தெளிவு, இந்த விலைக்கு நான் இவ்வளவு எதிர்பார்க்கேல்ல.

முதல் நாள் நான் அவளுக்குக் காட்டினது குளத்துத் தண்ணி இல்லை, பால். ஒரு சொட்டுப் பாலை நல்லாத் தண்ணி விட்டு ஐதாக்கி, கவர் கிளாஸ் போட்டு 400இல வைச்சால் கொழுப்பு உருண்டையள் தெரியும், அதில சின்னன்கள் நிண்ட இடத்திலயே துடிதுடிச்சுக்கொண்டு நிக்கும். பார்த்த உடனே, மாமி உயிரோட இருக்கு, இஞ்ச வந்து பாருங்கோவன் எண்டு கத்தினாள். அந்தக் கத்தல்தான் எனக்கு வேணும். ஏனெண்டா 1827இல ரொபர்ட் பிரவுண் எண்ட தாவரவியலாளருக்கும் இதே குழப்பம்தான் வந்தது. மகரந்தத்துக்குள்ள இருந்த நுண்துகள்கள் தண்ணியில துடிக்கிறதைப் பார்த்திட்டு இது உயிரின்ர அசைவோ எண்டு நினைச்சவர், ஆனா அதோட நிக்கேல்ல, காய்ஞ்சு பழசான தாவரங்களையும் கண்ணாடியையும் கல்லையும் தூளாக்கிப் போட்டுப் பார்த்தார், எகிப்தில இருக்கிற ஸ்பிங்க்ஸ் சிலையின்ர துண்டொண்டைக் கூட. எல்லாமே துடிச்சது. அப்ப அது உயிர் இல்லை, தண்ணி மூலக்கூறுகள் நாலு பக்கத்தாலயும் வந்து முட்டுறதால வாற துடிப்பு எண்டு பிறகு 1905இல ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு விளக்கினார். புத்தகத்தில பிரவுணியன் அசைவு எண்டு படிக்கிறது இதைத்தான். அசையுது, ஆனா மோட்டிலிட்டி இல்லை.

லாப்பில நாங்கள் பிரிச்சுப் பார்க்கிற விதத்தையும் அப்பவே சொல்லிக் குடுத்தன். எல்லாம் ஒரே பக்கமா ஒண்டா ஓடுதெண்டா அது கவர் கிளாஸுக்குக் கீழ தண்ணி ஓடுற ஓட்டம். நிண்ட இடத்தில நடுங்குதெண்டா பிரவுணியன். ஒண்டு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் எண்டு ஒவ்வொண்டும் தன்ர பாட்டுக்கு இடம் மாறுது, தண்ணி ஓடுற திசைக்கு எதிராயும் போகுதெண்டா அதுதான் மோட்டைல். சந்தேகம் எண்டா சூடாக்கிப் பார்க்கலாம். சூட்டில செத்தாலும் பிரவுணியன் துடிப்பு நிக்காது, மோட்டிலிட்டி நிண்டிடும். இந்த ஒரு சோதனை போதும், வரைவிலக்கணத்தில தானாக எண்ட சொல்லுக்கு என்ன பெறுமதி எண்டு விளங்கிறதுக்கு.

பிறகு மூதூர்ப் பக்கம் சொந்தக்காரரின்ர வயலில இருந்து ஒரு பிடி வைக்கோல் கொண்டுவந்து, தண்ணியில கொதிக்க வைச்சு ஆறவிட்டு, அதுக்குள்ள கிணத்தடித் தொட்டித் தண்ணி ஒரு கப் ஊத்தி ஜாடியில வைச்சம். ஒரு கிழமைக்குள்ள மணக்கத் தொடங்கினது, அண்ணி குசினிக்குள்ள வைக்க விடேல்ல, பின் விறாந்தைக்குப் போச்சு. ஆனா தண்ணியின்ர மேல் படையில இருந்து ஒரு சொட்டு எடுத்தால் பரமேசியம் எண்ட ஒருகலச் சீவன் கும்பலா. இதுக்கு 40 லென்ஸுக்கு நேராப் போகவேண்டாம் எண்டு எல்லாருக்கும் சொல்லுறன். பரமேசியம் ஒரு செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு நீந்தும், 400 மடங்கில உங்களுக்குத் தெரியிற வட்டமே அரை மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான், கண் சிமிட்ட முதல் ஓடிப் போயிடும். 4 லென்ஸில தேடிப் பிடிச்சு, 10க்கு மாறி, பிறகு ரெண்டு மூண்டு பஞ்சு நூலைச் சொட்டுக்குள்ள போட்டால் அதுகளுக்குள்ள சிக்கி மெதுவாப் போகும், அப்பத்தான் 40. அதின்ர உடம்பில மயிர் மாதிரி இருக்கிற பிசிர் அடிக்கிறது அப்ப தெரியும், அதுவும் லைட்டைக் குறைச்சு, வெளிச்சம் வாற ஓட்டையான டயபிரமை ஒடுக்கினாத்தான் தெரியும். உருண்டு உருண்டு சுழண்டு போறதும், எதிலயாவது முட்டினா பின்னுக்குப் போய்த் திசையை மாத்தி வாறதும், ஒரு மணித்தியாலம் அவள் எழும்பேல்ல.

அதே ஜாடியில வோட்டிசெல்லா எண்ட ஒண்டும் கிடைச்சது, மணி மாதிரி தலை, நீளக் காம்பு, வைக்கோல் துண்டில ஒட்டிக்கொண்டு நிக்கும். தட்டினால் காம்பு ஸ்பிரிங் மாதிரிச் சுருங்கித் தலை கீழ போயிடும், பிறகு ஆறுதலா விரியும். மருமகள் கேட்டாள், இது ஒட்டிக்கொண்டு இருக்கே, அப்ப இதுக்கு மோட்டிலிட்டி இல்லையோ எண்டு. இந்த இடத்திலதான் எங்கட தமிழ்ச் சொல்லுகள் பிள்ளையளைக் குழப்புது. ஒரு நோட்டில அசைவு எண்டு இருக்கும், இன்னொண்டில இயங்குதன்மை, வேற ஒண்டில இடப்பெயர்ச்சி, எல்லாம் ஒண்டு எண்டு நினைச்சுப் பாடமாக்கிறது. ஒண்டு இல்லை. உடம்பில ஒரு பகுதி அசைஞ்சாலும் அசைவு, தொட்டாற்சுருங்கி இலை மடிக்கிறதும் அசைவுதான். முழு அங்கியும் ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குப் போனால்தான் இடப்பெயர்ச்சி. மோட்டிலிட்டி எண்டுறது தன்ர சக்தியால தானா அசையிற ஆற்றல், ஒரு தனிக் கலத்தைப் பற்றிக் கதைக்கேக்க பெரும்பாலும் அது இடம் மாறுறதையே குறிக்கும், ஆனா குடலைப் பற்றிக் கதைக்கேக்க வேற மாதிரி, அதைப் பிறகு சொல்லுறன். மொபிலிட்டி எண்டுறது இன்னொண்டு, அசையக்கூடிய, அசைக்கக்கூடிய நிலை, அதுக்குச் சொந்தச் சக்தி வேணும் எண்டு இல்லை. காத்தில பறக்கிற தென்னம் மகரந்தத்துக்கு மொபிலிட்டி இருக்கு, மோட்டிலிட்டி இல்லை. ஆனா பன்னத்தின்ர ஆண் புணரி, அதாவது ஆண் இனக்கலம், மழைத்தண்ணியில நீந்திப் போகும், அது தாவரமா இருந்தும் மோட்டைல்.

வோட்டிசெல்லாவும் எப்பவும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது இல்லை. பிரிஞ்சு பெருகேக்க ஒரு பங்கு கழண்டு, பிசிரால நீந்திப் போய் வேற இடத்தில ஒட்டும். புறாத்தீவில நாங்கள் பார்க்கிற பவளமும் அப்பிடித்தான், இண்டைக்குக் கல்லா நிக்கிறது ஒரு காலத்தில பிசிரோட நீந்தித் திரிஞ்ச குடம்பி. வள்ளத்தின்ர அடியில கல்லு மாதிரி ஒட்டிக்கொண்டு எங்கட மீனவருக்குக் கரைச்சல் குடுக்கிற அந்தக் கூர்க்கூரான ஓட்டுச் சீவனும் குஞ்சில நீந்தின ஆள்தான். அதால ஒரு அங்கியை மோட்டைல், மோட்டைல் இல்லை எண்டு ரெண்டு பெட்டிக்குள்ள அடைக்கேக்க அதின்ர வாழ்க்கையில எந்தக் கட்டம் எண்டு கேக்கவேணும்.

எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது டச்பே மண்ணில இருந்து கிடைச்சது. ஈர மண் ஒரு கரண்டி எடுத்துக் கடல் தண்ணியில கலக்கி, மேல நிக்கிறதை ஒரு சொட்டு வைச்சம். மண்ணிறமா, தோணி வடிவில கண்ணாடிப் பெட்டி மாதிரி தயற்றங்கள் எண்ட ஒருகல அல்காக்கள். பிசிர் இல்லை, வால் மாதிரி நீளமான சவுக்குமுளை இல்லை, உடம்பு வளையிறதும் இல்லை, ஆனா மெதுவா வழுக்கிக்கொண்டு போகுது, நிக்குது, பின்னுக்கும் வருது. நடுவில நீளத்துக்கு இருக்கிற கீறலால ஒரு பசை மாதிரி வெளிய விட்டு, அதைப் பிடிச்சுக்கொண்டு வழுக்கிறது எண்டு சொன்னன். பிறகு அவள் ஒண்டும் கதைக்கேல்ல, பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்டைக்கு ஜெலிமீனுக்கும் பதிலை அவளே சொன்னாள். குடையைச் சுருக்கி விரிக்கிறது அதின்ர சொந்தத் தசை, அதால மோட்டைல், ஆனா நீரோட்டத்தை எதிர்த்துப் போகப் பலம் காணாது, அதால அலை கொண்டுபோகுது, ரெண்டும் ஒரே நேரத்தில நடக்குது மாமி எண்டு. ரெண்டும் ஒரே நேரத்தில நடக்குது எண்டது எந்த டியூஷன் நோட்டிலயும் இல்லாத வசனம்.

இனி இந்தச் சாமானால ஏலாதது. பற்றீரியா. ஈ.கோலை ரெண்டு மைக்ரோமீற்றர் நீளம், 400இல சின்னப் புள்ளியாத் தெரியும், ஓடுதா நடுங்குதா எண்டு நம்பிச் சொல்ல ஏலாது. அதுக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கிற 100 லென்ஸ் வேணும். அப்பவும் சவுக்குமுளை தெரியாது, அது அவ்வளவு மெல்லிசு, விசேஷமாச் சாயம் போட்டாத்தான் தெரியும். இன்னொரு விஷயம், பற்றீரியாவின்ர சவுக்குமுளையும் விந்துக் கலத்தின்ர சவுக்குமுளையும் பேரில மட்டும்தான் ஒண்டு. விந்தின்ரது உண்மையாவே சவுக்கு மாதிரி வளைஞ்சு அடிக்கும், கலத்துக்குச் சக்தி குடுக்கிற ஏடிபி எண்ட பொருளில வேலை செய்யும், உள்ளுக்க 9+2 அமைப்பு, அதாவது சுத்திவர ஒன்பது சோடி நுண்குழாய், நடுவில ரெண்டு. பற்றீரியாவின்ரது வளையிறது இல்லை, அடியில ஒரு மோட்டர் இருந்து வள்ளத்தின்ர காத்தாடி மாதிரிச் சுத்தும், அதுக்கு ஏடிபி இல்லை, மென்சவ்வுக்குக் குறுக்கால புரோத்தன் பாயிறதுதான் சக்தி. ஒரே சொல்லை ரெண்டுக்கும் போட்டுப் படிச்சதால எத்தினை பிள்ளையள் பிழையா விளங்கி வைச்சிருக்கினம் எண்டு எனக்குக் கவலை.

லாப்பில பற்றீரியாவின்ர மோட்டிலிட்டியைக் கண்ணால பார்க்காமலும் பார்ப்பம். பற்றீரியா வளர்க்கிற ஏகர் எண்ட கூழ் அரைத் திண்மமா இருக்கிற ரியூப்பில ஊசியால நேரா ஒரு குத்து, அடுத்த நாள் பார்த்தால் குத்தின கோட்டில மட்டும் வளர்ந்திருந்தா மோட்டைல் இல்லை, கோட்டில இருந்து சுத்திவரப் புகை மாதிரிப் பரவியிருந்தா மோட்டைல். கிளெப்சியெல்லா எண்ட பற்றீரியா கோட்டோட நிக்கும், ஈ.கோலை பெரும்பாலும் பரவும், இப்பிடித்தான் ஒண்டை மற்றதில இருந்து பிரிக்கிற சோதனையில இதுவும் ஒண்டு. வீட்டில இதைச் செய்யவேண்டாம், பற்றீரியா வளர்க்கிறது லாப்புக்குள்ள மட்டும் நடக்கவேண்டிய வேலை.

மோட்டிலிட்டி எண்ட சொல்லு இன்னும் ரெண்டு இடத்தில எங்கட ஆக்களின்ர கைக்கு வரும், அதையும் எழுதாட்டி எனக்கு மனம் ஆறாது. ஒண்டு வயிறு குடல். டொக்டர் மோட்டிலிட்டி குறைவு எண்டு சொன்னா குடல் தசை சுருங்கிச் சாப்பாட்டைத் தள்ளுற வேலை மெதுவா நடக்குது எண்டு அர்த்தம், குடல் இடம் மாறுது எண்டு இல்லை. மற்றது விந்துப் பரிசோதனை ரிப்போட். கலியாணம் கட்டிப் பிள்ளைக்குக் காத்திருக்கிற சோடியள் அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு வாசல்ல நிண்டு வாசிக்கேக்க முகம் விழுறதை நான் எத்தினையோ தரம் கண்டிருக்கிறன். மோட்டைல் இல்லை எண்டு எழுதியிருந்தா செத்துப்போச்சு எண்டு நினைக்கினம். அது பிழை. அசையாத கலம் உயிரோட இருக்கலாம், உயிர் இருக்கா எண்டு பார்க்கிறதுக்கு வேறயாச் சாயம் போட்டுப் பார்க்கிற சோதனை இருக்கு. அதோட எல்லாம் நூறு வீதம் ஓடவேணும் எண்டும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின்ர 2021ஆம் ஆண்டுக் கைநூலில முன்னோக்கி நீந்திறதுக்குக் கீழெல்லையாப் போட்டிருக்கிறது 30 வீதம், எல்லா அசைவையும் சேர்த்து 42 வீதம். அந்த எல்லைக்குக் கீழ வந்தாலும் அதோட முடிஞ்சுது எண்டு இல்லை. மாதிரி கொண்டுவரப் பிந்தினாலும், குளிர் பட்டாலும் இலக்கம் விழும், அதால ஒரு ரிப்போட்டை வைச்சு முடிவு எடுக்காமல் டொக்டரோட கதையுங்கோ.

திரும்பக் கடைக்கும் சாமானுக்கும் வாறன். பெட்டியோட வந்த ஸ்லைட்டில மூண்டு உடைஞ்சிருந்தது, கொண்டுபோய்க் காட்டினவுடன கடை அண்ணை ஒரு கதையும் இல்லாமல் புதுப் பைக்கட் ஒண்டு தந்தவர், அது நல்ல சேவை. ஃபோனைப் பூட்டுற கிளிப் உதவாது, பிளாஸ்ரிக், ரெண்டாம் நாளே ஸ்குறூ வழுக்கினது, இப்ப ஃபோனைக் கையால பிடிச்சுத்தான் வீடியோ எடுக்கிறம். ஸ்லைட்டை நகர்த்திற திருகு இதில இல்லை, ரெண்டு கிளிப் மட்டும், ஓடுற சீவனை விரலால தள்ளித் துரத்தவேணும், ஆனா ரெண்டு நாளில கை பழகிடும். கட்டாயம் கவனிக்கவேண்டியது எங்கட ஊர்க் கடல் காத்து. உப்பும் ஈரமும் சேர்ந்து லென்ஸில பங்கஸ் பிடிக்கும், கிளிப் கறள் பிடிக்கும். பார்த்து முடிஞ்ச உடனே துடைச்சு, மூடியிருக்கிற பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பைக்கட் நாலைஞ்சு போட்டு வையுங்கோ. கடல் தண்ணி பார்த்த நாளில லென்ஸ் முனையைக் காய்ச்சி வடிச்ச தண்ணி தொட்ட துணியால ஒத்தி எடுத்திட்டுத்தான் காய விடவேணும்.

ஏ எல் பயோ பிள்ளைக்கும், ஓ எல் விஞ்ஞானத்தில ஆர்வம் உள்ள பிள்ளைக்கும் தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு நாலு குடுப்பன். பற்றீரியா பார்க்கவேணும் எண்டு நினைக்கிறவை இதை வாங்கவேண்டாம், காசு சேர்த்து 100 லென்ஸும் ஸ்லைட் நகர்த்திற திருகும் உள்ளதா எடுங்கோ. ஆறு ஏழு வயசுப் பிள்ளைக்கு இது வேண்டாம், ஒரு நல்ல கைவில்லை காணும். காசு குடுக்க முதல் கடையிலயே 40 லென்ஸைப் போட்டு, ஒரு வெங்காயத் தோலை வைச்சு ஃபோகஸ் பண்ணிப் பாருங்கோ, முனை ஸ்பிரிங் உள்ளுக்குப் போய்த் திரும்பி வருதா எண்டும் விரலால அமத்திப் பாருங்கோ. நாங்கள் எடுக்கேக்க முதல் பெட்டியில அது இறுகியிருந்தது, ரெண்டாவதைத்தான் எடுத்தனாங்கள்.